கேன்சர் சிகிச்சை நாட்களில் உடம்பு, மனசு, சாமி: குமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலை ரயிலில் யார் எதற்குப் போகிறார்கள் என்பதைக் கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். டிபன் பை இருந்தால் வேலைக்கு. தடித்த ஃபைல், ஸ்கேன் கவர், ஃபிளாஸ்க், தலையில் இறுக்கிக் கட்டிய ஸ்கார்ஃப் என்றால் ஆர்.சி.சி., அதாவது திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. எங்கள் பக்கத்தில் கேன்சர் என்ற சொல்லைப் பலரும் வாயால் சொல்ல மாட்டார்கள். 'ஆர்.சி.சி.க்குப் போறாவ' என்றால் போதும், கேட்பவர் முகம் மாறிவிடும். என் அம்மையை மார்பகப் புற்றுக்காக ஒன்றரை வருடம் அந்த ரயிலில்தான் கூட்டிப் போய் வந்தேன்.

அந்த ஒன்றரை வருடமும் மருந்தைப் பற்றி யாரும் எனக்கு அறிவுரை சொல்லவில்லை. அது டாக்டர் பாடு. மற்ற எல்லாவற்றையும் பற்றி எல்லோரும் சொன்னார்கள். மீனை நிறுத்து, சீனியை நிறுத்து, இந்த இலையைக் கொதிக்க வை, அழக்கூடாது, மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொள், வெளியே விடாதே, நடக்க விடாதே. இதில் எது உதவும், எது சும்மா, எது கெடுக்கும் என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. பிறகு டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் கேட்டு, கிடைத்ததையெல்லாம் படித்து நான் பிரித்துக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாப்பாடோ நடையோ பிரார்த்தனையோ தனியாக நின்று கேன்சரைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் ஆறு கீமோ என்றால் ஆறையும், இருபத்தைந்து நாள் கரண்ட் (கதிர்வீச்சு) என்றால் இருபத்தைந்து நாளையும், தள்ளிப்போடாமல் தாங்கி முடிக்க இவை பெரிய கை. ஒவ்வொரு யோசனை வரும்போதும் நான் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்: இது அடுத்த கீமோவுக்கு அம்மையைத் தயாராக்குமா, இல்லை தள்ளிவைக்குமா?

படி 1: நோயாளிக்கு உண்மை தெரியட்டும்

நாங்கள் செய்த முதல் தப்பு இங்கேதான். 'சின்னக் கட்டி, கரைக்க ஊசி போடுறாங்க' என்று அம்மையிடம் சொல்லி வைத்திருந்தோம். மூன்றாவது தடவை போனபோது பக்கத்து நாற்காலியில் இருந்த கொல்லத்துக்காரி ஒருத்தியிடம் பேசி அம்மையே தெரிந்துகொண்டாள். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "என் உடம்புல நடக்கிறது எனக்குத்தான் கடைசியா தெரியணுமா மக்களே?"

மறைத்தால் பயம் குறையும் என்று நினைக்கிறோம். நோயாளியோ நம் முகத்தைப் பார்த்து, இருப்பதைவிடப் பெரிதாக எதையோ கற்பனை செய்துகொள்கிறார். அதோடு, என்ன மருந்து, ஏன் என்று தெரியாதவர் காய்ச்சல் வந்தாலும் 'சும்மா சூடு' என்று சொல்லாமல் இருந்துவிடுவார். அது உயிருக்கே ஆபத்து. எல்லாப் புள்ளிவிவரத்தையும் கொட்ட வேண்டாம். 'உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?' என்று கேட்டுவிட்டு, அந்த அளவுக்குச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஓ.பி. கூட்டத்தில் கிடைக்கும் சில நிமிடத்தில் எல்லாம் மறந்துபோகும். இந்தச் சிகிச்சை முழுவதும் குணமாக்கவா, கட்டுப்படுத்தி வைக்கவா? எத்தனை சைக்கிள் (கீமோ சுற்று)? கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எந்த நாட்களில் குறையும்? ராத்திரி என்ன ஆனால் உடனே ஓட வேண்டும், எங்கே? சுகர், பிரஷர் மாத்திரைகளைத் தொடரலாமா? இந்த ஐந்துக்கும் பதில் கையில் இருந்தால் மீதியைச் சமாளிக்கலாம்.

படி 2: ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு தெர்மாமீட்டர்

இதை வாழ்க்கைமுறை என்று யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே பலன் அதிகம் இதில்தான்.

அமெரிக்காவில் முற்றிய புற்றுள்ள 766 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2017இல் வந்தது. ஒரு பகுதியினர் வாந்தி, வலி, மூச்சுத்திணறல் போன்ற தொந்தரவுகளைக் கணினி வழியாகத் தொடர்ந்து தெரிவித்தார்கள். மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். மற்றவர்கள் வழக்கம்போல டாக்டரைப் பார்க்கும்போது மட்டும் சொன்னார்கள். தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதம், மற்றவர்களுடையது 26 மாதம். புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. தொந்தரவை நேரத்துக்குச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

எங்கள் நோட்டில் ஐந்து கோடு போட்டிருந்தோம்: காய்ச்சல் அளவு, எத்தனை தடவை வாந்தி, வெளிக்குப் போனது, வலி பத்துக்கு எத்தனை, சாப்பிட்டது. திங்கள்கிழமை மட்டும் எடை. அம்மைக்கு எண்கள் பிடிக்காது. வலிக் கோட்டில் 'பரவாயில்ல', 'கஷ்டம்', 'கேக்காத' என்று எழுதுவாள். 'கேக்காத' இரண்டு நாள் சேர்ந்து வந்தால் நான் போன் எடுப்பேன். டாக்டருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தெர்மாமீட்டர் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பெரும்பாலான கீமோக்களில் ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை வெள்ளை அணுக்கள் தரை தட்டும். அந்த நேரத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது பாரன்ஹீட்டில் 100.4 தொட்டாலே அவசர நிலை. பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர் பக்கம். ராத்திரி ரோட்டில் நேரத்தை இழக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ நெய்யூர் ஆஸ்பத்திரியோ வேறு பெரிய ஆஸ்பத்திரியோ, உங்கள் வீட்டுக்கு அருகில் எது என்று டாக்டரிடம் பேசி முதலிலேயே முடிவு செய்து வையுங்கள். கீமோ விவரச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிடுங்கள்.

படி 3: சாப்பாடு

சிகிச்சை நாட்களில் சாப்பாட்டின் வேலை, உடம்பை இளைக்க விடாமல் பார்ப்பது. புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் தேவை என்பது உணவியல் வல்லுநர்களின் கணக்கு. 50 கிலோ உள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். கேட்க மலைப்பாக இருக்கும். நம் அடுக்களையில் அது புதுசு ஒன்றுமில்லை. காலையில் சம்பா அரிசிக் கஞ்சியோடு ஒரு கப் அவித்த சிறுபயறு என்றால் பதினான்கு கிராம் பக்கம். இரண்டு முட்டையில் பன்னிரண்டு. மதியம் நூறு கிராம் மீனில் பதினெட்டுக்கு மேல். இரண்டு டம்ளர் பாலிலோ தயிரிலோ இன்னொரு பன்னிரண்டு. பவுடர் டப்பா வாங்கக் காசில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் வாங்குங்கள்.

மீன் கூடாது என்று எங்களுக்குச் சொன்னவர்கள் குறைந்தது பத்துப் பேர். 'புண் ஆறாது, கிரந்தி.' சாளையும் நெத்திலியும் மலிவான நல்ல புரதம். கடலோரத்தில் இருந்துகொண்டு மீனை விட்டுவிட்டு வெறும் ரசத்தோடு நோயாளியை இருத்தினால் புண் ஆறுவதுதான் தாமதமாகும். நன்றாக வேகவைத்துக் கொடுங்கள், அன்றைய மீனாக இருக்கட்டும்.

மரச்சீனியைப் (மரவள்ளிக் கிழங்கு) பற்றி இரண்டு வார்த்தை. அது பெரும்பாலும் மாவுச்சத்து. தெம்பு தரும், புரதம் இல்லை. வாய்ப்புண் இருக்கும்போது அவித்து, மசித்து, கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டு, மிளகாய் இல்லாமல் கொடுத்தால் தொண்டையில் இறங்கும். கூட மீனோ பயறோ இருக்க வேண்டும். வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வருடா வருடம் சுற்றும்: மரச்சீனியில் 'வைட்டமின் பி17' இருக்கிறதாம், அது கேன்சரைக் கொல்லுமாம். அப்படி ஒரு வைட்டமினே கிடையாது. அந்தப் பெயரில் விற்ற லேட்ரைல் என்ற பொருளை 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டி குறையவில்லை, சிலரின் ரத்தத்தில் சயனைடுதான் ஏறியது. பச்சை மரச்சீனியிலும் உடம்புக்குள் சயனைடாக மாறும் பொருள்தான் இருக்கிறது. நம் பாட்டிமார் கிழங்கை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டியது சும்மா இல்லை.

சீனி கேன்சருக்குத் தீனி என்ற பேச்சும் உண்டு. உடம்பின் எல்லா செல்லும் குளுக்கோஸைத்தான் தின்கிறது. சீனியை நிறுத்தினால் கட்டி மட்டும் பட்டினி கிடக்காது. ஆனால் கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு சுகரை ஏற்றும் என்பது உண்மை. சுகர் உள்ளவர்கள் அந்த நாட்களில் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும். கருப்பட்டிக் காப்பி என்றால் பரவாயில்லை என்று நினைப்பவர்களுக்கு: சுகர் மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வாய்ப்புண்ணுக்கு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சோடா உப்பு கலந்து நாலைந்து தடவை கொப்பளிக்கலாம். விழுங்கக் கூடாது. கவுண்ட் குறையும் நாட்களில் பழங்கஞ்சி, வெட்டி வைத்த பழம், வழியில் விற்கும் ஜூஸ், கொதிக்காத தண்ணீர் எதுவும் வேண்டாம். தோல் உரித்துத் தின்னும் மட்டிப்பழம், ஏத்தன்பழம் நல்லது, கழுவிவிட்டு உரியுங்கள். ஏத்தனை அவித்தும் கொடுக்கலாம்.

வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி, சாராயம்: நிறுத்த வேண்டும். 'இனி நிறுத்தி என்ன?' என்பார்கள். நோய் தெரிந்த பிறகு நிறுத்தினாலும் பலன் உண்டு, குறிப்பாக வாய், தொண்டை, நுரையீரல் புற்றில். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பே உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

படி 4: இலை, வேர், கஷாயம்

லட்சுமி தரு இலை, முள் சீத்தா. கேரளாவில் கிளம்பிய அலை களியக்காவிளை தாண்டி இங்கேயும் வந்தது. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் முள் சீத்தாக் கன்று நட்டார்கள். இரண்டையும் பற்றி ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குப்பியில் செல் செத்த கதை உண்டு. மனிதரில் புற்றைக் குணமாக்கிய நிரூபணம் இல்லை. முள் சீத்தாவை அதிகமாகத் தின்பதற்கும் பார்கின்சன் போன்ற நடுக்க நோய் ஒன்றுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற கவலை கரீபியன் தீவுகளில் எழுந்தது.

நானும் இதில் யோக்கியன் இல்லை. இரண்டாவது கீமோவுக்குப் பிறகு, தெரிந்தவர் சொன்னார் என்று ஒருவரிடம் போய்ப் பச்சை நிறத்தில் கஷாயம் வாங்கி வந்து அம்மைக்குப் பதினோரு நாள் கொடுத்தேன். மூன்றாவது கீமோவுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவு ஏறியிருந்தது. கீமோ தள்ளிப்போனது. கஷாயம்தான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேறே மருந்து வல்லதும் கழிச்சோ?" வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று மலையாளத்தில். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2018இல் வெளியான ஓர் ஆய்வு, சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களையும் வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களையும் ஒப்பிட்டது. பரவாத நிலையில் இருந்த, குணமாகக்கூடிய புற்றுகள். மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். ஆகவே செய்ய வேண்டியது: ரசத்தில் மஞ்சள், மிளகு, பூண்டு தாராளமாக இருக்கலாம். மாத்திரையாக, பொடியாக, கஷாயமாக எது உள்ளே போனாலும் டாக்டருக்குத் தெரிந்து போகட்டும். திட்டினால் திட்டட்டும்.

படி 5: நடை

'ஓய்வெடு, அசையாதே' என்பதுதான் வீட்டில் எல்லோரும் சொல்வது. பாசம்தான். ஆனால் கீமோ தரும் அந்தச் சோர்வு படுத்தால் தீராது. படுக்கப் படுக்கக் கூடும். அதற்கு நல்ல ஆதாரமுள்ள மருந்து நடைதான். வாரத்தில் மூன்று நாளாவது முப்பது நிமிடம் மிதமான நடை, இரண்டு நாள் தசைக்கான லேசான பயிற்சி. இந்த அளவுக்குச் சோர்வு, பதற்றம், மனச்சோர்வு மூன்றுமே குறைகின்றன.

ஆயுள் கூடுமா என்ற கேள்விக்கும் 2025இல் ஒரு பதில் வந்தது. பெருங்குடல் புற்றுக்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேர். பாதிப்பேருக்கு மூன்று வருடம் ஆள் வைத்து உடற்பயிற்சித் திட்டம், மற்றவர்களுக்குப் புத்தகம் மட்டும். ஐந்து வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 விழுக்காடு, மற்றதில் 73.9. எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90.3க்கு 83.2. பெரும்பாலானவர்கள் செய்தது வேகமான நடைதான். எல்லாப் புற்றுக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது, ஆனாலும் நடப்பதற்குக் காசில்லை.

எங்கே நடப்பது? ஊரில் சானல் (கால்வாய்) கரை இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. மேடு பள்ளம் குறைவு, நிழல் உண்டு, வண்டி வராது. அம்மை முதல் நாள் வீட்டு வாசலிலிருந்து பைப் வரை போய் வந்தாள், நாற்பது எட்டு. அடுத்த வாரம் அம்மன் கோயில் முக்கு. மூன்றாவது வாரம் சானல் பாலம். கீமோ போட்ட மூன்று நாள் மறுபடி பைப் வரைக்கும்தான். அது பின்னடைவு என்று நினைக்க வேண்டாம், அப்படித்தான் ஏறி இறங்கும். காலை ஏழு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் போங்கள். சில மருந்துகளில் தோல் வெயில் தாங்காது.

எலும்புக்குப் பரவியிருந்தால், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைந்திருந்தால், தலைசுற்றல், நெஞ்சுவலி, காய்ச்சல் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் நடக்க வேண்டாம். மார்பக அறுவை ஆனவர்கள் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். சுவரில் விரலால் ஏறும் பயிற்சியை பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். கிணற்றில் தண்ணீர் இறைப்பது, ரப்பர் பால்வெட்டுக்குப் போவது, கயிறு திரிப்பது எல்லாம் எப்போது தொடங்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

படி 6: தூக்கம்

சுருக்கமாக முடிக்கிறேன். பகலில் அரைமணி நேரத்துக்கு மேல் தூங்க விடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ராத்திரி எடுத்தால் கண் மூடாது. தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து உட்காரட்டும், வந்த பிறகு படுக்கட்டும். மூன்று வாரத்துக்கு மேல் தூக்கம் சரியாகாவிட்டால் அதையும் நோட்டில் எழுதிக் காட்டுங்கள்.

படி 7: மனசு, முக்கியமாகப் பழியை இறக்கிவைப்பது

பார்க்க வந்த ஒரு சொந்தக்காரர், நல்ல மனுஷன், போகும்போது சொன்னார்: "மைனி எல்லாத்தையும் மனசுல போட்டு அமுக்கி வச்சதுதான் இப்படி ஆயிட்டு. இனியாவது பாசிட்டிவா இரிங்க, தன்னால மாறும்." அன்றைக்கு ராத்திரி அம்மை என்னிடம் கேட்டது, "அப்போ நானேதான் வருத்தி வச்சுக்கிட்டேனா?"

அந்தக் கேள்விக்கு ஒரு ஆய்வின் பதில் இருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுள்ள 1,093 பேரின் மனநிலையைக் கேட்டுப் பதிந்து, அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று பார்த்தார்கள். 2007இல் வந்த முடிவு: மனம் நன்றாக இருந்ததற்கும் ஆயுளுக்கும் தொடர்பு இல்லை. இதைக் கேட்டால் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கியதுபோல இருந்தது. அழுதால் கட்டி வளராது. ஒருநாள் பயந்து நடுங்கினால் கீமோ வீணாகாது. அம்மையிடம் இதைத்தான் சொன்னேன், அவளும் அன்றைக்கு நன்றாக அழுதாள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1989இல் ஓர் ஆய்வு, பரவிய மார்பகப் புற்றுள்ள 86 பெண்களில் ஆதரவுக் குழுவில் கூடிப் பேசியவர்கள் ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழ்ந்ததாகச் சொல்லி உலகம் முழுவதும் பேசப்பட்டது. பிறகு 235 பெண்களை வைத்து மறுபடி பார்த்து 2001இல் வெளியிட்ட முடிவில் ஆயுள் கூடவில்லை. ஆனால் வலியும் மனத்துயரும் குறைந்தன. எனக்கு அதுவே போதும். மனசுக்கு வைத்தியம் பார்ப்பது இன்றைய ராத்திரி நன்றாகக் கழிய, மாத்திரையை வேண்டாம் என்று தள்ளாமல் இருக்க.

செய்யக் கூடியவை: அதே நோயைத் தாண்டி வந்த ஒருவரோடு பேச வையுங்கள். ஆர்.சி.சி. வராண்டாவில் அந்தக் கொல்லத்துக்காரியிடம் கிடைத்த தைரியம் எங்கள் யாரிடமும் அம்மைக்குக் கிடைக்கவில்லை. அழும்போது 'அழாதீங்க' என்று அடக்காதீர்கள். பக்கத்தில் இருந்தால் போதும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'இருந்து என்ன செய்ய' என்ற பேச்சு வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

வலி நிவாரண சிகிச்சை என்றால் கடைசிக் கட்டம் என்று பயப்படுகிறார்கள். முற்றிய நுரையீரல் புற்றுள்ள 151 பேரை வைத்து நடந்து 2010இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே அதையும் எடுத்தவர்களுக்கு மனச்சோர்வு பாதிக்கும் குறைவு. இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்திலிருந்து 11.6 ஆகக் கூடியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

படி 8: சாமி

இந்த மாவட்டத்தில் இதை ஒதுக்கிவைத்து யாரும் நோயைக் கடப்பதில்லை. ஒருத்தர் சுசீந்திரத்தில் விளக்கு போடுவார், ஒருத்தர் கோட்டாறு சவேரியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றுவார், ஒருத்தர் தக்கலை பீர் முகமது அப்பா தர்காவில் உட்கார்ந்திருப்பார், ஒருத்தர் அய்யா வைகுண்டரின் சாமித்தோப்புக்குப் போய்த் திருமண் வாங்கி வருவார். நாலு இடத்துக்கும் போகும் வீடுகளும் உண்டு. தலைவலி தீர மண்டைக்காட்டில் மண்டையப்பம் வைக்கும் வழக்கம் எத்தனை தலைமுறை! அதே மாவட்டத்தில்தான் 1838இல் மிஷனரிகள் நெய்யூரில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். எவரெஸ்ட்டில் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் பிறகு வந்து கத்தி பிடித்ததும் அங்கேதான். ஜெபமும் ஆபரேஷனும் ஒரே காம்பவுண்டில் நடந்த ஊர் நம்முடையது. ஆகையால் 'மருந்தா, நம்பிக்கையா' என்று யாராவது தேர்வு வைத்தால் அந்தக் கேள்வியையே நம்பாதீர்கள்.

பிரார்த்தனை குணமாக்குமா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இதய பைபாஸ் செய்த 1,802 பேரில் ஒரு பகுதியினருக்காக முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்தார்கள். பலன் எதுவும் தெரியவில்லை. தமக்காக ஜெபம் நடப்பதை அறிந்தவர்களுக்குச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. என் கருத்தில், அப்படிக் கடவுளை அளக்கவும் முடியாது, அம்மை கும்பிட்டதும் அந்த அளவுகோலுக்காக இல்லை. அவளுக்கு அது ராத்திரி இரண்டு மணிக்குப் பேச ஒரு ஆள்.

வழிபாட்டை உடம்புக்குக் கேடில்லாமல் செய்வது எப்படி என்பதுதான் வழிகாட்டியின் வேலை. விரதம் முதலில். கீமோ நாட்களில் பட்டினி வேண்டாம். எந்த மதமும் நோயாளியைக் கட்டாயப்படுத்தவில்லை: ரமலான் நோன்பில் நோயாளிக்கு விலக்கு குர்ஆனிலேயே இருக்கிறது, தவக்கால நோன்பிலிருந்து கத்தோலிக்கத் திருச்சபையும் விலக்கு தருகிறது. கோயில் விரதத்தை வீட்டில் வேறொருவர் ஏற்கலாம். அம்மைக்காக என் தங்கைதான் செவ்வாய் விரதம் இருந்தாள்.

கூட்டம் அடுத்தது. மாசிக்கொடை, தேரோட்டம், திருவிழா நாட்களில் கவுண்ட் குறைந்தவரைக் கூட்டிப் போகாதீர்கள். சாதாரண நாளில், நடை திறந்ததும் கூட்டமில்லாத நேரம் பாருங்கள். குளத்து முழுக்கு, கிணற்று நீராட்டு, அங்கப்பிரதட்சணம், வெறுங்காலில் மலை ஏறுவது எல்லாம் சிகிச்சை முடிந்த பிறகு. தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளலாம், குடிக்க வேண்டாம். கையில் கீமோ குழாய் வைத்திருப்பவர்கள் அது நனையாமல் பார்க்க வேண்டும்.

நேர்ச்சையை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். முதல் கீமோவுக்கு முந்தைய வாரம் அம்மை திருச்செந்தூருக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். எதற்கு என்றேன். "மருந்து எடுக்குறதுக்கு முன்னால நானே குடுத்திருதேன்" என்று மொட்டை போட்டுக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. கீமோவில் முடி கொட்டத் தொடங்கும் இரண்டாவது, மூன்றாவது வாரம் பலரும் உடைந்துபோவதை ரயிலில் பார்த்திருக்கிறேன். அம்மைக்கு அந்த வாரம் சாதாரணமாகப் போனது, கொட்ட ஒன்றுமில்லையே. கவுண்ட் குறைந்த பிறகு சவரக்கத்தி படுவது ஆபத்து. மொட்டை போடுவதானால் முன்கூட்டியே.

ஒரு எச்சரிக்கை. 'மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம்' என்று சொல்பவர் எந்த உடுப்பில் வந்தாலும் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். 'என்ன பாவம் செய்தேனோ' என்ற குமுறலை மட்டும் தட்டிக்கழிக்காதீர்கள். அந்தப் பேச்சுக்கு நம்மைவிட நிதானமான ஒரு பாதிரியாரோ பூசாரியோ உஸ்தாதோ நல்ல துணை.

படி 9: ஆட்களும் காசும்

பார்க்க வருபவர்களுக்கு நேரம் வையுங்கள்: மாலை அரைமணி நேரம், சளி இருந்தால் போனில் மட்டும். ஹார்லிக்ஸ் பாட்டில் கொண்டு வருபவர்களிடம் வெட்கப்படாமல், 'வியாழக்கிழமை ரயிலுக்கு ஒரு ஆள் வேணும்' என்று கேளுங்கள். கூட இருந்து பார்ப்பவர் வாரத்தில் ஒரு நாளாவது வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுத் தூங்க வேண்டும். நான் தூங்காமல் சமாளித்த காலத்தில்தான் மாத்திரையை மாற்றிக் கொடுத்தேன்.

சிகிச்சைக்குப் போகும் கேன்சர் நோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுவதும், இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு. ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கி டாக்டர் கையெழுத்தோடு டிக்கெட் கவுண்டரில் கொடுக்க வேண்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. நீங்கள் போகும் ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் உண்டா என்று சேருவதற்கு முன்பே விசாரியுங்கள்.

படி 10: சிகிச்சை முடிந்த மறுநாள்

கடைசிக் கரண்ட் முடிந்த அன்று எல்லோரும் லட்டு கொடுத்தோம். மறுநாளிலிருந்துதான் அம்மைக்குப் பயம் பிடித்தது. தினமும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்கள், இனி யாரும் பார்க்கமாட்டார்களே என்று. இது நிறையப் பேருக்கு வரும். செக்கப் தேதி நெருங்கும்போது தலைவலியும் கட்டியாகத் தோன்றும். நோட்டை நிறுத்த வேண்டாம். தினமும் எழுதியதை வாரம் ஒரு தடவை ஆக்குங்கள். புது வலி இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் தேதிக்குக் காத்திராமல் போய்க் காட்டுங்கள். நடையும் புரதமும் அப்படியே தொடரட்டும். எடை இப்போது கூடாமலும் பார்க்க வேண்டும்.

அம்மைக்கு அடுத்த செக்கப் ஆவணியில். நோட்டின் கடைசிப் பக்கத்தில் டாக்டரிடம் கேட்க இரண்டு கேள்விகளை அவளே எழுதி வைத்திருக்கிறாள். இடது கை வீக்கம் சாயங்காலம் மட்டும் வருவது ஏன்? தீபாவளிக்கு முந்திரிக்கொத்து செய்யப் பயறு இடிக்கலாமா?